இளவேனில் விதைப்பு: வீட்டில் எல்லோரும் சாப்பிடும்படி எதை, எவ்வளவு போடலாம்?

முற்றத்துப்பாத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் விழும். நாங்கள் நான்கு பேர். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5.

போன இளவேனிலில் ஆசை மிகுதியில் 14 வகை விதைகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டு முடித்துவிட்டேன். பீன்ஸ் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளேயே அழுகியது. 60 முள்ளங்கியும் ஒரே வாரத்தில் முற்றி, தின்ன ஆளில்லாமல் வெடித்துப்போயின. தக்காளிச் செடி என் தோள் உயரம் வளர்ந்தது. காய் எட்டோ ஒன்பதோதான். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, பிள்ளைகள் எதையும் தொடவில்லை என்பதுதான். அவ்வளவு பாடுபட்டு வளர்த்த கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இந்த ஆண்டு அப்படி ஆகக் கூடாது. மண் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் மரங்களில் மொட்டு கட்டத் தொடங்கிவிட்டது. எதை முதலில் போடுவது, எவ்வளவு போடுவது? பிள்ளைகளைச் சாப்பிட வைத்த அனுபவம் உள்ளவர்கள் அதையும் சொல்லுங்கள்.


மண்விரல் எழுதியது:

உங்கள் பீன்ஸ் அழுகியதற்குக் காரணம் விதையல்ல, அவசரம். நாள்காட்டியைப் பார்த்து விதைக்காதீர்கள், மண்ணைப் பார்த்து விதையுங்கள். ஒரு வெப்பமானியை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி, நான்கைந்து நாள் தொடர்ந்து காலையில் பாருங்கள். இளவேனிலின் முதல் வெயிலில் காற்று எளிதாகச் சூடாகிவிடும். மண் வாரக்கணக்கில் பின்தங்கியே வரும். நாம் ஏமாறுவது அங்கேதான்.

பட்டாணி 5 டிகிரியிலேயே மெல்ல முளைக்கத் தொடங்கும். பசலைக்கீரை, லெட்டூஸ், முள்ளங்கி மூன்றும் குளிருக்கு அஞ்சாதவை. சொல்லப்போனால் லெட்டூஸ் விதைக்குச் சூடுதான் ஆகாது. மண் 30 டிகிரியை நெருங்கினால் முளைக்காமல் உறங்கிவிடும். பீன்ஸுக்குக் குறைந்தது 15, 16 டிகிரி வேண்டும். வெள்ளரி, பூசணி இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். காய்ந்த பீன்ஸ் விதை மண்ணில் விழுந்ததும் நீரை மளமளவென்று உறிஞ்சும். அந்த நீர் குளிர்ந்திருந்தால் விதைக்குள் இருக்கும் செல்களின் சவ்வு சேதமாகும், உள்ளிருக்கும் சத்து வெளியே கசியும், மண்ணில் உள்ள பூஞ்சைக்கு அது விருந்தாகிவிடும். நீங்கள் தோண்டிப் பார்த்தபோது வழவழவென்று இருந்திருக்குமே, அதுதான்.

இன்னொன்று. மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிமண் பொம்மைபோல் உருண்டையாகவே நின்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். ஈர மண்ணை மிதித்துக் கொத்தினால் அதன் காற்றறைகள் நசுங்கிப் போகும்; அந்தக் கட்டி கோடை முழுக்க உடையாது.


வாரம்பத்து எழுதியது:

முள்ளங்கிக்கு என் பதில் சுருக்கமானது. 60 விதையை ஒரே நாளில் போடாதீர்கள். வாரத்துக்குப் பத்து என்று ஆறு வாரம் போடுங்கள். 25 முதல் 30 நாளில் வந்துவிடும் பயிர் அது. ஒரு வாரம் கூடுதலாக நின்றாலே உள்ளே பஞ்சுபோல் நெட்டி விழும். லெட்டூஸையும் அப்படியே இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு வரி. புதர் பீன்ஸ் மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

விதைப் பட்டியலை விதைக் கடையில் எழுதாதீர்கள், சமையலறையில் எழுதுங்கள். ஒரு வாரம் வீட்டில் எந்தக் காய் தட்டில் காலியாகிறது, எது மிஞ்சுகிறது என்று குறித்து வையுங்கள். தோட்டம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.


முற்றத்துப்பாத்தி எழுதியது:

குறித்துப் பார்த்தேன். ஏழு நாளும் எழுதினேன். மகள் விரும்பிச் சாப்பிட்டது வெள்ளரி, கேரட், பட்டாணி. மகன் பட்டாணி மட்டும், அதுவும் வேகவைக்காதது. நானும் கணவரும் தக்காளி இல்லாமல் ஒருநாளும் சமைக்கவில்லை. போன ஆண்டு நான் போட்ட 14 வகையில் ஆறு வகை இந்தத் தாளில் எங்குமே இல்லை! அழகான படம் போட்ட உறையைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

தக்காளி ஏன் இலையாகவே போனது என்று யாராவது சொல்லுங்கள். நடுவதற்கு முன் நிறையத் தொழு உரம் போட்டேன். அதுவும் புதிதாகக் கிடைத்தது.


கொழுகொம்பு எழுதியது:

அம்மா, விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. எருவில் உள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கூடினால் தக்காளி இலையை வளர்க்கும், காயை மறக்கும். தவிர, புது எருவை உணவுப் பயிருக்கு உடனே போடுவது உடல்நலத்துக்கும் ஆகாது. மக்காத எருவில் நோய்க்கிருமிகள் இருக்கும். மண்ணைத் தொடும் காய் என்றால் எரு போட்டு 120 நாளாவது கழிந்த பிறகே அறுவடை செய்ய வேண்டும். மண்ணைத் தொடாததற்கு 90 நாள். இயற்கை வேளாண்மை விதிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது. நன்றாக மக்கி, மழை நனைத்த மண்ணின் வாசனை வரும் உரத்துக்கு இந்தக் கவலை இல்லை. இலையுதிர்காலத்திலேயே எருவைப் போட்டுவிட்டால் இளவேனிலுக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

பூ உதிர்ந்ததா என்றும் நினைத்துப் பாருங்கள். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும், பகல் 35ஐத் தாண்டினாலும் தக்காளிப் பூ சூல் பிடிக்காமல் உதிரும். அதனால் நாற்றை அவசரப்பட்டு வெளியே நடுவதில் லாபம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை ஏழு முதல் பத்து நாள், முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று வெளிக்காற்றுக்குப் பழக்கி, அதன் பிறகு நடுங்கள். நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துத் தாள்போல் ஆகிவிடும்.

காயின் அடிப்பாகம் கறுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைவு என்று பலரும் முட்டை ஓட்டைத் தேடுவார்கள். பெரும்பாலான மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருக்கும். அது நீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போக முடியும். ஒருநாள் வெள்ளம், நான்கு நாள் வறட்சி என்று நீர் விட்டால் அது போய்ச் சேராது. வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 லிட்டர் என்று கணக்கு வைத்து, இரண்டு மூன்று தவணையாக வேரில் விடுங்கள். மேலே ஒரு சாண் வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும்.

பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் தழைச்சத்து உரமே தேவையில்லை. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெல்லப் பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் தரும் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அந்த முடிச்சுக்குள் குடியிருக்கின்றன. உங்கள் மகளுக்கு இதைக் காட்டுங்கள். என் பேத்தி அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் மற்ற முடிச்சுகளையெல்லாம் கீறிக்கொண்டிருந்தாள்.


அளவுகோல் எழுதியது:

நல்ல இழை. ஒரு கருத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அருகில் விளைந்ததைச் சாப்பிட்டால் பூமி காப்பாற்றப்படும் என்று பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் பூர், நெமெசெக் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவு அதில் இருக்கிறது. உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடுதான். என்ன சாப்பிடுகிறோம், அது எப்படி விளைந்தது என்பதுதான் பெரும்பங்கு. குளிர்காலத்தில் எரிபொருளால் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் பக்கத்திலேயே விளைந்த தக்காளியைவிட, தொலைவில் திறந்தவெளியில் விளைந்து கப்பலிலோ லாரியிலோ வந்த தக்காளியின் சுமை குறைவாக இருக்கலாம். விமானத்தில் வரும் காய் பழம் வேறு கதை. அவற்றின் சுமை மிக அதிகம்.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் எதிரியல்ல. என் வீட்டிலும் தோட்டம் இருக்கிறது. தவறான காரணத்தைச் சொல்லி வளர்த்தால், பிள்ளைகள் வளர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் நாளில் நம்மை நம்ப மாட்டார்கள்.


பட்டாணிப்பந்தல் எழுதியது:

அளவுகோல் ஐயா சொல்லும் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அருகில் விளைந்தது என்பதற்கு நான் வைக்கும் அளவு கிலோமீட்டர் அல்ல, மணி நேரம். பறித்ததற்கும் வாயில் போட்டதற்கும் இடையில் எத்தனை மணி நேரம்?

பட்டாணியை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியிலிருந்து பறித்த நொடியிலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. காலையில் பறித்ததை அறை வெப்பத்தில் மறுநாள்வரை வைத்துப் பாருங்கள்; அதே பட்டாணிதான், இனிப்பு போயிருக்கும். மக்காச்சோளத்துக்கும் இதே கதைதான். பசலைக்கீரையில் உள்ள வைட்டமின் சி அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி அழிந்துவிடும். தக்காளி தொலைதூரம் போக வேண்டுமென்றால் பச்சையாகவே பறித்தாக வேண்டும். 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் அதன் மணம் மங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த தக்காளி சப்பென்று இருப்பது அதனால்தான்.

அருகில் விளைந்ததையே தேடி உண்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘லோக்கவோர்’ என்று ஒரு பெயர் 2005இல் பிறந்தது. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. சொல் புதியது, செயல் மனிதன் விதைக்கக் கற்ற நாளிலிருந்தே இருப்பது.

முற்றத்துப்பாத்தி சகோதரிக்கு ஒன்று: 12 சதுர மீட்டரில் நான்கு பேருக்கு வேண்டிய முழு உணவும் விளையாது. அதை எதிர்பார்த்தால் மீண்டும் மனம் உடையும். நேரம் கடந்தால் கெட்டுப்போகும் காய்களை மட்டும் வீட்டில் போடுங்கள்: பட்டாணி, கீரை, லெட்டூஸ், தக்காளி, மூலிகைச் செடிகள். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் நாள்பட நிற்பவை, இடத்தையும் அடைக்கும். அவற்றைப் பக்கத்தில் விளைவிக்கும் விவசாயியிடம் வாங்குங்கள். வாங்கும்போது ‘என்ன விலை’ என்று கேட்பதற்கு முன் ‘இன்று காலை எதைப் பறித்தீர்கள்’ என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பருவம் முழுக்கப் போனால் எது எப்போது வரும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.


இரண்டுபிள்ளைத்தாய் எழுதியது:

பிள்ளைகள் பற்றிக் கேட்டீர்கள். என் மூத்தவன் நான்கு ஆண்டு பச்சை நிறத்தில் இருக்கும் எதையும் தின்றதில்லை. கெஞ்சினேன், கதை சொன்னேன், மறைத்துக் கலந்தேன். எதுவும் பலிக்கவில்லை.

மாறியது எப்படி என்று சொல்கிறேன். அவனுக்கென்று ஒரு மீட்டர் சதுரம் ஒதுக்கிக் கொடுத்தேன். அதில் நான் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். களை முளைத்து என் கை துறுதுறுத்தபோதும் வைக்கவில்லை. சிறு விரல்களுக்குப் பெரிய விதை வேண்டும்: பட்டாணி, பீன்ஸ், பூசணி. கேரட் விதை தூசுபோல் இருக்கும், முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐந்து வயதுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. கேரட்டை நீங்கள் போடுங்கள். இழுக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள்.

ஒருநாள் மாலை நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கொடியருகே எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். டப், டப் என்று சத்தம். ஒரு நெற்றைக் கட்டைவிரலால் அழுத்தித் திறக்கிறான், உள்ளே வரிசையாக இருக்கும் ஏழெட்டு மணியை நாக்கால் வழித்து எடுக்கிறான், தோலைத் தோளுக்கு மேலே பின்னால் வீசுகிறான். அவன் பின்னால் தோல் குவிந்து கிடந்தது. நான் மூச்சு விடாமல் உள்ளே போய்விட்டேன். ‘ஆஹா, காய் தின்கிறாயே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருப்பான்.

புதிய காயைப் பிள்ளை ஒருமுறை துப்பினால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து முறை சுவைத்த பிறகே பலருக்குப் பழகும். ஒவ்வொரு முறையும் ஒரு கடி போதும். சண்டை மட்டும் வேண்டாம்.


வேலியோரம் எழுதியது:

பிள்ளைகள் தோட்டத்தில் நேராகப் பறித்துத் தின்னப் போகிறார்கள் என்றால் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பழைய வீட்டின் சுவரை ஒட்டிய மண்ணில் உதிர்ந்த பெயின்ட்டிலிருந்து ஈயம் சேர்ந்திருக்கலாம். அந்த இடத்தில் கீரையோ கிழங்கோ போடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஐயம் இருந்தால் பலகை அடித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து, 30 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி கட்டுவது நல்லது. கை கழுவும் பழக்கம் எங்கேயும் கட்டாயம்.

வெள்ளரியோ பூசணியோ சுக்கினியோ வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகக் கசந்தால் துப்பிவிட வேண்டும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். வேகவைத்தாலும் போகாது. அழகுக்கு வளர்க்கும் சுரை வகைகளோடு கலந்த பூசணி, சுக்கினி விதையைச் சேமித்துப் போடும்போது இது நேரும். காய்ந்த சிவப்பு பீன்ஸை ஊறவைத்து, நீரை மாற்றி, குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கைக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டு விதி எளிது: பெரியவர் ஒருவர் பெயர் சொல்லாத செடியிலிருந்து யாரும் எதையும் வாயில் போடக் கூடாது.


முற்றத்துப்பாத்தி எழுதியது:

எல்லோருடைய பதிலையும் அச்சிட்டுச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். முடிவு இதுதான். 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டு பாத்தி, நடுவில் 60 சென்டிமீட்டர் வழி. இரு பக்கத்திலிருந்தும் கை எட்டும், யாரும் உள்ளே மிதிக்க வேண்டியதில்லை. மொத்தம் 9.6 சதுர மீட்டர் விதைக்கும் இடம். வாரத்துக்கு 240 லிட்டர் என்றால் பத்து லிட்டர் பூவாளியில் 24 நடை. கணவர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 14 வகை ஏழாகக் குறைந்தது: பட்டாணி, முள்ளங்கி, லெட்டூஸ், கேரட், தக்காளி, வெள்ளரி, மகன் அடம்பிடித்த ஒரே ஒரு பூசணி.

இன்று காலை வெப்பமானி 7 டிகிரி காட்டியது. பட்டாணியை மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டோம். மகன் தன் சதுரத்தில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு விதை போட்டிருக்கிறான், ‘தனியாக இருந்தால் பயப்படும்’ என்றான்.


முற்றத்துப்பாத்தி எழுதியது (12 வாரம் கழித்து):

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று வாரமாகப் பட்டாணி பறிக்கிறோம். சமையலறைக்கு வந்து சேர்வது பாதிகூட இல்லை, எல்லாம் கொடியடியிலேயே முடிந்துவிடுகிறது. மகள் நேற்று லெட்டூஸ் இலையை அவளே பறித்து, கழுவி, வெள்ளரி வைத்துச் சுருட்டி எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்தாள். கசக்கிறது என்று போன ஆண்டு துப்பிய அதே லெட்டூஸ். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் பறித்தால் கசப்பு குறைகிறது என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஒரு கவலை. பூசணி நிறையப் பூக்கிறது, ஒரு காயும் நிற்கவில்லை. மகன் தினமும் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப் போகிறான்.


கொழுகொம்பு எழுதியது:

பையனைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பூசணியில் ஆண் பூதான் முதலில் வரும். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண். பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிப் பூசணியே ஒட்டியிருக்கும், பார்த்த உடனே தெரியும். பூ விரிவது ஒரே ஒரு காலைதான். பத்து மணிக்கெல்லாம் சுருங்கத் தொடங்கிவிடும். தேனீ வராவிட்டால் குண்டு மஞ்சளாகி உதிரும்.

விடிந்ததும் பையனோடு போங்கள். ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் படிந்த தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் மெல்லச் சுற்றித் தடவச் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் குண்டு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று பொருள்.


பட்டாணிப்பந்தல் எழுதியது:

சகோதரி, பட்டாணிக் கொடியைப் பிடுங்குவதற்கு முன் நன்றாகக் காய்த்த ஒரு கொடியை மட்டும் தொடாமல் விட்டுவையுங்கள். நெற்று காய்ந்து பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பட்டாணி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. அதனால் கலப்பின விதையாக இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே ரகம் வரும். காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். உறையின் மேல் ரகத்தின் பெயரையும் ஆண்டையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.


முற்றத்துப்பாத்தி எழுதியது:

இன்று காலை ஐந்தேமுக்காலுக்கு மகன் என்னை எழுப்பினான். இரண்டு பெண் பூ விரிந்திருந்தன. மூக்கு நுனியெல்லாம் மஞ்சளாக நிற்கிறான். பட்டாணிக்கு மேற்கு ஓரத்துக் கொடியை ஒதுக்கி, யாரும் பறிக்காதபடி மகள் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள்.